இடது நாற்காலி

சிவப்பு விளக்கு எரியும்போது அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. நடை பழகிய நாளிலிருந்தே அவளுக்கு இது சொல்லி வைக்கப்பட்டிருந்தது. தோளால் இடித்துத் திறந்தாள்.

கண்ணாடி மாமா ஹெட்ஃபோனோடு திரும்பினார். முகம் சுருங்கியது. கை வாசலைக் காட்டியது.

"மாமா, கிளம்புங்க. அப்பா என்னமோ சொல்றார். ஒருத்தருக்கும் புரியலை."

"நேரலை ஓடிக்கிட்டிருக்கு பாப்பா!"

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கிளட்ச் மிதிக்கக் கற்றார்கள். ஆனாலும் இந்த அறைக்குள் வந்துவிட்டால் அவள் பாப்பாதான்.

கண்ணாடி மாமா கண்ணாடி போடுகிறவர் இல்லை. ஊர் வானொலியின் ஒலிப்பதிவாளர். ஸ்டுடியோவை இரண்டாகப் பிரிக்கும் பெரிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அப்பா. அப்பா பேட்டி எடுப்பார். கதை எழுதுகிறவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர், தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர், ஏரியைத் தூர் வாராமல் ஓயமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர், யாரையும் விட்டதில்லை. மைக் திறந்திருக்கும்போது வாயால் பேசிக்கொள்ள முடியாது என்பதால் இரண்டு பேரும் கையால் பேசிக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் பேசியதில் அது ஒரு தனிப் பாஷையாகவே ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் ஆளுக்கொரு மூலையில் நின்று அந்தப் பாஷையில் யாரையாவது வாரிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொள்வார்கள்.

இப்போது அப்பாவிடம் மிச்சமிருந்தது அந்தப் பாஷை மட்டும்தான். நேற்று சாயங்காலம் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. வாய்வழியாகக் குழாய் செருகியிருந்தார்கள். குரல் இல்லை. கழுத்துக்குக் கீழே வலது கை ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. அந்தக் கை, விடிந்ததிலிருந்து ஒரே சைகையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது.

"இன்னைக்குப் பொழுது தாண்டறது கஷ்டம்" என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "அவர் ஏதாவது கேட்டா, முடிஞ்சதைச் செஞ்சு கொடுத்துடுங்க."

கேட்கிறார். என்ன கேட்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

உள்ளங்கையை மேலே பார்த்துத் திருப்பி, தூக்குகிறார். கட்டிலைத் தூக்கச் சொல்கிறார் என்று நர்ஸ் தலைப்பக்கத்தைத் திருகித் திருகி அவரை சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி நிமிர்த்திவிட்டாள். இல்லை என்று தலை அசைந்தது. ஃபேன் கேட்கிறார் என்றான் தம்பி. ஏசி அறையில் ஃபேன் எங்கே இருக்கிறது? "மேலே போறேங்கறான்டி" என்று அத்தை அழ ஆரம்பித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை பேசும்போதெல்லாம் அவர் செய்கிற காரியம்தான் அது. பிறகு கை மார்பைக் கடந்து இடது பக்கம் நீண்டது. அந்தப் பக்கம் ஜன்னல். திரையை விலக்கினார்கள். இல்லை. மூடினார்கள். இல்லை. ஜன்னலோரம் ஸ்டூலில் அம்மா, கடவுளை வேண்டிக்கொண்டு உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாள். அவளை நகர்த்தி உட்காரவைத்துப் பார்த்தார்கள். அப்பாவின் கை கட்டிலில் தொப்பென்று விழுந்தது. ஆயாசம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

"செஞ்சு காட்டு" என்றார் கண்ணாடி மாமா.

செய்து காட்டினாள்.

"விரல் சேர்ந்திருந்ததா, விரிஞ்சிருந்ததா?"

"தெரியலையே மாமா."

"கட்டை விரல் உள்ளேயா, வெளியேயா?"

"மாமா, அந்த மனுஷன் உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கார். நான் கட்டை விரலையா பார்ப்பேன்?"

"அதுலதான் பாப்பா எல்லாமே இருக்கு. எழுத்துக்குப் புள்ளி வெச்சா ஒண்ணு, வெக்காட்டா ஒண்ணு."

"அப்ப நீங்களே வந்து பாருங்க."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். அந்தப் பக்கம் அப்பாவின் நாற்காலியில், இரண்டு வருஷம் முன்பு வேலைக்குச் சேர்ந்த தொகுப்பாளினி. அவளுக்கு இடது பக்கம், விருந்தாளி நாற்காலியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். அந்த அம்மாள் பேசிக்கொண்டே கண்ணாடி வழியாக இவர்கள் இரண்டு பேரையும் கவனித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் கடைசி பெஞ்சு என்ன செய்கிறது என்று ஒரு கண் எப்போதும் வைத்திருந்த பழக்கம்.

கண்ணாடி மாமா ஒரு பொத்தானை அமுக்கித் தொகுப்பாளினியின் காதில் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, சாருக்கா?" என்று கேட்டுவிட்டாள். ஊரே கேட்டிருக்கும்.

"யாருக்கு, நம்ம பேட்டிக்காரருக்கா?" என்றார் தலைமையாசிரியை, மைக்கிலேயே. அவள் தலையாட்டினாள். "அதுக்கு அந்தக் கண்ணாடிக்காரர் வேணுமா? அப்ப ஏன் நிக்கிறார்? போகச் சொல்லு. மைக்கை அப்படியே திறந்து விட்டுட்டுப் போகட்டும். நான் பேசிக்கிட்டே இருக்கேன். மணி அடிக்கிற வரைக்கும் பேசித்தானே பென்ஷன் வாங்கறேன்."

"அப்படியெல்லாம் விட்டுட்டுப் போக நிலையத்துல விதியே இல்லை" என்றார் கண்ணாடி மாமா. சொல்லும்போதே ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

*

டிரைவிங் ஸ்கூல் கார் ஒரு சௌகரியம். கூரைமேல் பலகையைப் பார்த்தாலே மற்ற வண்டிகள் உயிருக்குப் பயந்து ஒதுங்கிவிடும். ஒரு அசௌகரியமும் உண்டு. பக்கத்து இருக்கையிலும் பிரேக் இருக்கும்.

"மாமா, காலை எடுங்க! அது நிஜ பிரேக்!"

"நீ லாரிக்குள்ள விடப் பார்த்தே."

"பக்கத்துல விடப் பார்த்தேன். காலை மடிச்சு உட்காருங்க."

மடித்து உட்கார்ந்தார். கார் ரேடியோவைத் திருகினார். தலைமையாசிரியை பேசிக்கொண்டிருந்தார். யாரும் கேள்வி கேட்காமலே.

"...என்னையும் அவர் ஒரு தடவை பேட்டி எடுத்திருக்கார். ஏன் டீச்சர் ஆனீங்கன்னு கேட்டார். எல்லாரும் சொல்றதைச் சொன்னேன். தொண்டு, புனிதமான பணி, அது இதுன்னு. சொல்லி முடிச்சுட்டேன். அவர் அடுத்த கேள்வி கேட்கலை. சும்மா என்னைப் பார்த்துக்கிட்டிருந்தார். கோபமா இல்லை. அவசரமாவும் இல்லை. என்கிட்ட இன்னும் இருக்குன்னு எனக்கே தெரியாதது அவருக்குத் தெரிஞ்ச மாதிரி. எனக்கு வேர்த்துப் போச்சு. அப்புறம் தானா வந்தது. சின்ன வயசுல என் பக்கத்துல உட்கார்ந்த பொண்ணுக்குப் படிக்க வரலைன்னு வாத்தியார் எல்லார் முன்னாலயும் சிரிச்சார். மறுநாள் அவ வரலை. அப்புறம் வரவே இல்லை. வருஷம் முழுக்க அந்த இடம் காலியா இருந்தது. நான் எடுத்த ஒவ்வொரு வகுப்புலயும் அந்த இடத்தைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினேன். என் வீட்டுக்காரருக்கே தெரியாத விஷயம். ஊருக்கே சொல்லிட்டு வந்து உட்கார்ந்துட்டேன்..."

கண்ணாடி மாமா சத்தத்தைக் குறைத்தார். "அன்னைக்கு நான் பாட்டு போடப் போயிட்டேன். இவ்வளவு நேரம் யாரும் பேசாம இருந்தா கேட்கிறவங்க ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டுவாங்களே. உங்கப்பா கையை இப்படி வெச்சார்."

உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றில் ஒரு மேஜை இருப்பதுபோல் மெல்ல அமர்த்திக் காட்டினார்.

"அப்படின்னா?"

"'வெட்டாதே. இன்னும் வரும்.' பாப்பா, எல்லாரும் பேட்டின்னா கேள்வி கேட்கிறதுன்னு நினைக்கிறாங்க. உங்கப்பாவுக்கு கேட்கிறதுன்னா காது கொடுக்கிறது. ரெண்டுக்கும் ஒரே வார்த்தையை வெச்சவன் கெட்டிக்காரன்."

அவள் சிக்னலைத் தாண்டினாள். நாற்பது வயது வரைக்கும் அப்பாவின் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "ரேடியோவில பேசறார்" என்றுதான் சொல்லிவந்திருக்கிறாள்.

*

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆள் கணக்கு உண்டு. உள்ளே ஏற்கெனவே அம்மாவும் அத்தையும் இருந்தார்கள். வெளியே தம்பி, சுவரில் சாய்ந்து, போனில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உள்ளே விட மாட்டாங்க மாமா. நான் அத்தையை வெளியே கூப்பிடறேன்" என்றாள் அவள்.

"வேணாம்" என்றார் கண்ணாடி மாமா.

அறையின் முன்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவர் அதன் எதிரில் போய் நின்றார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க நின்ற இடத்தில் வந்து நின்றவர் மாதிரி இருந்தது.

கண்ணாடியை விரல் முட்டியால் ஒரு தடவை தட்டினார்.

அப்பாவின் கண் திறந்தது. தேடியது. கண்டுபிடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் யாரிடம் சொன்னாலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. விடிந்ததிலிருந்து போர்வைமேல் கிடந்து துடித்த அந்தக் கை எழுந்தது. அது நோயாளியின் கை இல்லை. சுருக்கமாக, மிடுக்காக, கொஞ்சம் எரிச்சலாக இரண்டு விரலைச் சுழற்றியது.

கண்ணாடி மாமா சிரித்துவிட்டார். கண்ணில் நீர் நின்றது. "பட்டனை யார் பார்க்கிறாங்கன்னு கேட்கிறார்."

அவரும் கையால் ஏதோ சொன்னார். ஒரு விரலைப் பிரம்பு மாதிரி ஆட்டி, வாயருகே நான்கு விரல்களையும் கட்டை விரலையும் அடித்து அடித்துத் திறந்து மூடினார். தலைமையாசிரியை என்று யாருக்குமே புரியும். அப்பாவின் தோள் குலுங்கியது. குழாய்க்குப் பின்னால், சத்தமில்லாமல், அவர் சிரித்தார். திரையில் ஓடிய பச்சைக் கோடு குதித்தது. நர்ஸ் ஓடிவந்தாள். பின்னாலேயே வந்த டாக்டரம்மா அவள் தோளில் கைவைத்து நிறுத்தினார்.

"அவருக்கு நினைவு இவ்வளவு தெளிவாவா இருக்கு?" என்றார் டாக்டரம்மா, மெல்ல.

"ஸ்கேன்ல பாஷை தெரியாதும்மா" என்றான் தம்பி. பெருமையா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்பா அந்தச் சைகையைச் செய்தார். உள்ளங்கை மேலே. விரல்கள் சேர்ந்திருந்தன. கட்டை விரல் வெளியே.

"லெவல் ஏத்துங்கிறார்" என்றார் கண்ணாடி மாமா உடனே.

"என்ன லெவல்?"

"மைக் லெவல் பாப்பா. பேசறவங்க குரல் மெதுவா இருக்கு, கேட்கலை, ஏத்துங்கிறார். தினம் பத்துத் தடவை சொல்றதுதான்." அவர் குரல் இறங்கியது. "பாவம். ஸ்டுடியோவில இருக்கிறதா நினைச்சுக்கிட்டிருக்கார்."

"அப்ப இடது பக்கம் கையை நீட்டறது?"

கண்ணாடி மாமா இரண்டு கையையும் விரித்து, யாருடையது என்று கேட்டார். அப்பாவின் கை மார்பைக் கடந்து இடது பக்கம் நீண்டது.

"இடது நாற்காலி. விருந்தாளியோட மைக்."

"அங்க விருந்தாளி யாரு மாமா? யாரும் பேசலையே. அம்மா மட்டும்தான் உட்கார்ந்திருக்..."

நிறுத்தினாள்.

எல்லாரும் பார்த்தார்கள். ஸ்டூலில் அம்மா. அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அசைந்துகொண்டிருந்தது. அம்மா எப்போதுமே அப்படித்தான். அவள் பேசினால் எதிரில் நிற்பவர் தானாகக் குனிவார். "அம்மா பேச்சு அடுத்த அறைக்குப் போக பஸ் பிடிக்கணும்" என்று தம்பி கேலி செய்வான். ஒருத்தருக்காவது தோன்றியதா? வேண்டிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டூலோடு தூக்கித் தள்ளிக்கூட வைத்தார்கள்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அத்தையின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"என்னடி, நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை அத்தை. வெளியே வா." பிறகு அம்மாவிடம் குனிந்தாள். "அம்மா. நீ பேசறது அப்பாவுக்குக் கேட்கலையாம். சத்தமாச் சொல்லணுமாம்."

அம்மா மகளைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் கண் அவள்மேல்தான் இருந்தது.

"அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரா?"

"காலையிலேர்ந்து."

"ஐயையோ. இத்தனை பேர் இருக்காங்களே."

"எல்லாரையும் வெளியே அனுப்பிடறேன்."

"நர்ஸு?"

"நர்ஸும்."

அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "நீயும் போ" என்றாள்.

*

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆறு பேர் நின்றார்கள். உள்ளே அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தாள். தற்செயலாகத் தலை திரும்பியது. கண்ணாடி மாமாவின் கை, அவரைக் கேட்காமலே உயர்ந்து, ஆள்காட்டி விரலை அவளை நோக்கி நீட்டியது. முதல் தடவை மைக் முன்னால் உட்கார்ந்து வெலவெலத்துப் போன எத்தனையோ பேருக்கு நீட்டிய விரல். *நீங்கதான். பேசுங்க.*

அம்மா பேசினாள்.

கேட்கவில்லை. கண்ணாடி தடிமன். ஆனால் சத்தமாகப் பேசுகிறாள் என்று தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த நரம்பை அவள் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அப்பா கேட்டார்.

ஊரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள், அவர் முன்னால் உட்கார்ந்தால் வேறு மாதிரி ஆகிவிடுவோம் என்று. மகள் அதை மரியாதைக்குச் சொல்வதாக நினைத்திருந்தாள். இப்போது பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. முகம் முழுக்கக் காதாக இருந்தது. வலி, குழாய், கட்டில், திரையில் ஓடும் கோடு எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, உலகத்திலேயே இந்த ஒரு மனுஷி மட்டும்தான் பேசத் தெரிந்தவள் என்பதுபோல் அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா நடுவில் நிறுத்தினாள். தலை குனிந்தது. நேரம் போனது. முடிந்துவிட்டது என்று நினைத்து நர்ஸ் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

அப்பாவின் உள்ளங்கை கவிழ்ந்தது. காற்றில், மெல்ல, அமர்ந்தது.

"வெட்டாதே" என்றார் கண்ணாடி மாமா. "இன்னும் வரும்ங்கிறார். யாரும் போகாதீங்க."

யாரும் போகவில்லை. டாக்டரம்மாகூட. பக்கத்து அறைகளில் ஏதேதோ மணிகள் அடித்தன. அந்தக் கை விழவில்லை. சாகப்போகிற கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

அம்மா தலை நிமிர்ந்தாள். இன்னும் சில வார்த்தைகள். அவ்வளவுதான் இருந்தது போலிருக்கிறது. பிறகு தன் கையால் ஏதோ செய்தாள். முதுகு மறைத்ததால் என்ன என்று தெரியவில்லை.

அப்பா வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு வலது கை முகத்துக்கு வந்தது. ஆள்காட்டி விரலைக் குழாய்க்கு மேலே, உதட்டின்மேல் வைத்துக்கொண்டார். அப்படியே வைத்திருந்தார்.

"மாமா, இது என்ன?"

கண்ணாடி மாமா நெற்றியைச் சுருக்கினார். "தெரியலை. இது எங்க பாஷையில இல்லை பாப்பா."

"குழாய் உறுத்துது போல" என்றான் தம்பி.

"என்னைப் பேசாதேங்கறான்" என்றாள் அத்தை. "பொறந்ததுலேர்ந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கான்."

உதட்டில் விரலோடு அவர் தூங்கிப் போனார். வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் அந்தப் பச்சைக் கோடு அவசரப்படாமல் நேரானது.

*

வீட்டு முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் செருப்புகள் தெரு வரைக்கும் வழிந்தன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்றோ ஒரு நாள் அந்த இடது நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். 

எழுத்தாளர் வந்தார். ஊருக்கு ஒரே எழுத்தாளர். தன் பத்தாவது புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசினார். பிறகு திடீரென்று, "என் புத்தகத்தை அவர் படிச்ச மாதிரி நானே படிச்சதில்லைம்மா" என்று சொல்லி, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தீயணைப்பு வண்டி ஓட்டுநர் சீருடையோடு வந்தார். "பேட்டியில நான் மொத்தமே நாலு வார்த்தைதான் பேசினேன். பேச்சே வரலை. அதுக்கப்புறம் கடைத்தெருவுல பார்க்கிறவங்கள்லாம், நீ அன்னைக்கு எவ்வளவு அருமையாப் பேசினேங்கிறாங்க. அது எப்படின்னு அவரைக் கேட்கணும்னு இருந்தேன்" என்றார். கொஞ்சநேரம் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார், பதில் வந்தாலும் வரும் என்பதுபோல்.

தலைமையாசிரியை வந்தார். நிலையத்தில் மாற்று ஆள் வந்து சேரும் வரைக்கும் விடாமல் பேசியதில் தொண்டை சுத்தமாகப் போயிருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வெறும் காற்றுதான் வந்தது. தன்னையே நொந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குரலில்லாத இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொடுத்தபடி இருந்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே கேள்விதான். கண்ணாடி அறைக் கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கடைசியாக அம்மா என்ன சொன்னாள்?

தம்பி கேட்டான். "விடுடா" என்றாள். டாக்டரம்மா தன் வேலை முடிந்து சாதாரணப் புடவையில் வந்து, சுற்றிவளைத்துக் கேட்டார். அம்மா அவருக்கு டீ கொடுக்கச் சொன்னாள். கண்ணாடி மாமா கேட்கவே இல்லை. கேட்கக் கூடாத கேள்வி எது என்று அவருக்குத் தெரியும். அவர் பழகிய ஆள் அப்படி.

அத்தைதான் அழுகைக்கு நடுவே சொன்னாள். "ஊரையெல்லாம் கேட்டான். எல்லார் கதையும் கேட்டான். இப்ப பெரியவளைப் பார்க்கப் போயிட்டான்."

அம்மாவின் தலை சட்டென்று திரும்பியது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவள். அவளுக்கும் தம்பிக்கும் முன்னால் பிறந்தவள். மழலை மாறுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் படம் இல்லை, பேச்சும் இல்லை. இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே பள்ளிக்கூட நாட்களில் அத்தை வாய் தவறிச் சொல்லித்தான் மகளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்த வார்த்தை இந்தக் கூரைக்குக் கீழே கேட்டது.

அம்மா எழுந்து உள்ளே போனாள். மகள் பின்னாலேயே போனாள்.

சமையலறையில் அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஆறிப்போன காப்பியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்தாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கதவோரம் நின்றாள். கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கினாள். இரண்டாவது தடவையும் விழுங்கினாள். அப்பாவால் இது எப்படி முடிந்தது என்று வியந்துகொண்டே நின்றாள்.

ஃபிளாஸ்க்கைக் கழுவி முடிந்தது. மூடியைக் கழுவி முடிந்தது. கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"ஒரு பதில் பாக்கி இருந்தது" என்றாள் அம்மா.

மகள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அவ போன அன்னைக்கு அவர் ஸ்டுடியோவில இருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதுசு. நிகழ்ச்சியை முடிச்சுட்டு ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. கடைசியா அவ என்ன சொன்னான்னு கேட்டார். நான் வாயைத் திறக்கலை. ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அப்புறம் கேட்கலை."

"இத்தனை வருஷமாவா?"

"இத்தனை வருஷமா. ஒரு நாள்கூட. ராத்திரி சாப்பிடறப்போ சில சமயம் சும்மா என் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான்."

முன்னறையில் யாரோ நாற்காலிகளை நகர்த்தினார்கள். வண்டி வந்துவிட்டதாகத் தம்பி குரல் கொடுத்தான். அம்மா நகரவில்லை.

"அவ ஒண்ணுமே சொல்லலைடி. என் மடியில படுத்திருந்தா. உடம்பு அனலாக் கொதிச்சது. ரேடியோவில உங்கப்பா யாரையோ பேட்டி எடுத்துக்கிட்டிருந்தார். அவ கண்ணெல்லாம் அந்தப் பெட்டி மேலதான். எனக்கு பயம். அம்மாவைப் பாருடி, அம்மாகிட்ட பேசுடின்னு கத்தினேன். பார்த்தா."

அம்மா ஈரக் கையைத் துடைக்காமலே உயர்த்தினாள். தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது.

"பார்த்துட்டு, விரலை எடுத்து இப்படி வாய்மேல வெச்சா. அப்பா பேசறாராம். அவளுக்குக் கேட்கணுமாம்."